கோயில், சர்ச், பள்ளிவாசல்ல இருந்து சென்னை கோட்டை வரைக்கும்: ஊர் சுகாதாரக் கோரிக்கையை அரசுகிட்ட கொண்டு போறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு, எந்தப் பக்கம் போனாலும் சரி, ஒரு வீட்ல ஒருத்தர் படுத்துட்டாருன்னா ஆஸ்பத்திரிக்கு தெரியறதுக்கு முன்னாடியே சர்ச் சபை ஐயருக்கு (போதகருக்கு) தெரிஞ்சிடும், கத்தோலிக்கங்க தெருவாரியா கூடற அன்பியத்துல பேச்சு வந்துடும், ஜும்ஆ முடிஞ்சதும் ஜமாஅத்து ஆளுங்க விசாரிப்பாங்க, சக்தி மன்றத்துல கஞ்சி ஊத்தற அக்காவுக்கு தெரியும். எந்தத் தெருவுல யாருக்கு டயாலிசிஸ், எந்த வீட்ல பிரசவத்துக்கு ஆள் இல்ல, எல்லாம் இவங்களுக்கு அத்துப்படி. இந்தத் தகவல் எந்த அரசு ஃபைல்லயும் இல்ல. ஆனா நாம இதை வச்சு என்ன பண்றோம்னா ஜெபம் பண்றோம், துஆ கேக்கறோம், அர்ச்சனை பண்றோம், ஆட்டோ காசு குடுக்கறோம். இதெல்லாம் நல்லது தான், விட்டுடாதீங்க. ஆனா அதே கஷ்டம் அடுத்த வருஷம் அடுத்த வீட்டுக்கு வராம இருக்கணும்னா சட்டமோ, அரசாணையோ, பட்ஜெட்டோ எங்கயோ ஒரு இடத்துல மாறணும், அதை கேக்கறதும் நம்ம வேலை தான்னு நான் உறுதியா நம்பறேன்.

எங்க பக்கம் சபைக்காரங்களோட சேர்ந்து இந்த வேலை செஞ்சுட்டு வர்றதால, தெரிஞ்சதை படிப்படியா எழுதறேன். எந்த மதத்துக்காரங்களா இருந்தாலும் பொருந்தும். பேசறதுக்கு வசதியா ஒரே உதாரணத்தை கடைசி வரைக்கும் எடுத்துக்கறேன், பாம்புக்கடி. ஏன்னா இது நம்ம மாவட்டத்தோட சொந்தக் கஷ்டம். 2023 மே மாசம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில பாம்பு கடிச்ச ஒன்றரை வயசு குழந்தை ஆஸ்பத்திரி போற வழியிலேயே இறந்துபோய், திரும்பி வரும்போது ரோடு இல்லாததால அந்தத் தாய் பிள்ளையோட உடலை கையில தூக்கிட்டு மலை ஏறினாங்க, தமிழ்நாடே பாத்துச்சு.

படி 1: ஒரு மனுவுக்கு ஒரே கோரிக்கை

"மலை கிராமத்துக்கு மருத்துவ வசதி வேண்டும்"னு எழுதினா அதை யார்கிட்ட அனுப்பறதுன்னு வாங்கற அதிகாரிக்கே தெரியாது, "ஆவன செய்யப்படும்"னு பதில் போட்டு மூடிடுவாங்க. ரோடு ஒரு கோரிக்கை, மருந்து இன்னொண்ணு, ராத்திரி டாக்டர் டூட்டி இன்னொண்ணு, 108 வண்டி எங்க நிக்கணும்ங்கறது இன்னொண்ணு. நாலும் நியாயம் தான், ஆனா நாலு தனித்தனி மனு. அதுல எதை முதல்ல எடுக்கறதுன்னா, எது இல்லாம உடனே உயிர் போகுதோ, எது சின்ன உத்தரவுலயே முடியுமோ, அதை எடுங்க. நம்ம உதாரணத்துக்கு, மலையடிவாரத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல பாம்பு விஷமுறிவு ஊசி எந்நேரமும் போதுமான அளவு இருப்புல இருக்கணும், இவ்வளவு தான்.

"போதுமான அளவு"ன்னு நீங்களே ஒரு கணக்கு வச்சுக்கணும். விஷம் ஏறின ஒருத்தருக்கு முதல் தவணையாவே 8 லேருந்து 10 குப்பி வேணும்னு நம்ம நாட்டு சிகிச்சை நெறிமுறை சொல்லுது. அப்போ ஒரு இடத்துல 5 குப்பி இருந்தா ஃபைல்ல "இருப்பு உள்ளது"ன்னு தான் வரும், ஆனா ஒரு ஆளைக்கூட அது காப்பாத்தாது. இந்த மாதிரி ஒரு விவரம் உங்க கையில இருந்தா எதிர்ல உக்காந்திருக்கறவர் நிமிர்ந்து பாப்பாரு. கட்டாயம் ஒரு டாக்டரையோ ஓய்வு பெற்ற நர்ஸையோ பக்கத்துல வச்சுக்கோங்க, வேலூர்ல அதுக்கு பஞ்சமே கிடையாது, எல்லா சபையிலயும் நாலு பேர் இருப்பாங்க.

படி 2: இது யார் அதிகாரம், எந்த மாதிரி மாத்தம்

இந்தப் படியில தான் நிறைய நல்ல குழுக்கள் வருஷக்கணக்கா சுத்தறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

அரசியலமைப்புல ஏழாவது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, எந்த விஷயம் மத்திய அரசு அதிகாரம், எது மாநில அதிகாரம்னு பிரிக்கறது அது. அதுல மாநிலப் பட்டியல் 6வது வரி பொது சுகாதாரம், ஆஸ்பத்திரி, மருந்தகம். 8வது வரி மதுபானம். அதனால இது ரெண்டுக்கும் டெல்லிக்கு எழுதி பிரயோஜனம் இல்ல, சென்னை தான். மருத்துவக் கல்வியும் குடும்பக் கட்டுப்பாடும் பொதுப் பட்டியல், மத்திய, மாநில அரசு ரெண்டுக்கும் அதிகாரம்.

அடுத்தது, உங்களுக்கு வேணுங்கறது புதுச் சட்டமா, விதி மாத்தமா, அரசாணையா, இல்ல ஏற்கனவே இருக்கறதை நடத்திக் காட்டறதா? பத்துல எட்டு கோரிக்கை கடைசி ரகம் தான்னு நான் சொல்லுவேன். 2024 நவம்பர்ல தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சுச்சு, அதாவது அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி யார்கிட்ட கேஸ் வந்தாலும் அரசுக்கு கணக்கு குடுக்கணும். இதுக்கு சட்டசபையில புது மசோதா எதுவும் வரல, 1939ம் வருஷத்து பொது சுகாதாரச் சட்டம் இருக்குல்ல, வெள்ளைக்காரன் காலத்துல வந்தது, அதுல இருக்கற அதிகாரத்தை வச்சு ஒரு அறிவிக்கை, அவ்வளவு தான். மத்திய அரசும் 2030க்குள்ள பாம்புக்கடி சாவை பாதியா குறைக்கணும்னு 2024 மார்ச்ல ஒரு செயல் திட்டம் போட்டிருக்கு. அப்போ நாம புதுசா எதையும் கேக்க வேணாம், "நீங்க போட்ட உத்தரவு எங்க மலையடிவாரத்துல நடக்குதா"ன்னு கேட்டாலே பாதி வழி தாண்டியாச்சு.

ரோடு விஷயம் வேற. மலைக்காடு வனத்துறை நிலம், வனப் பாதுகாப்புச் சட்டம் 1980 படி காட்டு நிலத்தை வேற வேலைக்கு எடுக்க மத்திய அரசு ஒப்புதல் வேணும்னு சொல்லி வருஷக்கணக்கா நிக்கும். ஆனா வன உரிமைச் சட்டம் 2006ல 3(2)ன்னு ஒரு பிரிவு இருக்கு, காட்டுல குடியிருக்கற மக்களுக்கு ரோடு, மருந்தகம், பள்ளிக்கூடம், குடிதண்ணி மாதிரி வசதிக்கு ஒவ்வொண்ணுக்கும் 1 ஹெக்டேருக்கு குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது, கிராமசபை பரிந்துரை பண்ணணும், இப்படி இருந்தா வழி இருக்கு. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பலாம்பட்டு மாதிரி மலை ஊராட்சியில வேலை செய்யற எல்லா குழுவும் இந்தப் பிரிவை மனப்பாடமா வச்சிருக்கணும்.

நிஜமாவே சட்டம் தான் மாறணும்ங்கற சந்தர்ப்பமும் உண்டு. தொழுநோய் அதுக்கு பெரிய சாட்சி. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி 1955லேருந்து பக்கத்துலயே இருக்கு, தொழுநோய்ல மடங்கிப்போன கையை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தற வேலை உலகத்துக்கே முன்னோடியா 1940கள் கடைசியில வேலூர்ல தான் நடந்துச்சு. மருந்து வந்துச்சு, நோய் குணமாச்சு, ஆனா சட்டப் புத்தகத்துல தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமா 2019 வரைக்கும் இருந்துச்சு! அது ஒரு மதத்தோட சட்டத்துல மட்டும் இல்ல. கிறிஸ்தவங்களுக்கான 1869 சட்டம், முஸ்லிம் பெண்களுக்கான 1939 சட்டம், 1954 சிறப்புத் திருமணச் சட்டம், 1955 இந்து திருமணச் சட்டம், இதோட 1956 இந்து தத்தெடுப்பு ஜீவனாம்சச் சட்டத்துலயும் ஒரு பாதகமான வரி, மொத்தம் அஞ்சு சட்டம். 2019ல பாராளுமன்றம் ஒரே திருத்தச் சட்டத்துல அஞ்சுலயும் தூக்கிச்சு. 1898ம் வருஷத்து தொழுநோயாளிகள் சட்டம் 2016ல தான் ரத்தாச்சு. எல்லா மதத்து சட்டத்துலயும் இருந்த அநியாயத்தை எல்லா மதத்துக்காரங்களும் சேர்ந்து தான் கேட்டிருக்கணும்.

படி 3: சட்டம் நமக்கு போட்டிருக்கற எல்லை

இதை படிக்காம ஆரம்பிக்காதீங்க.

1988ல வந்த மத நிறுவனங்கள் தவறான பயன்பாடு தடுப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, அந்த இடத்தையும் அதோட பணத்தையும் அரசியல் வேலைக்கு பயன்படுத்தக்கூடாது. மீறினா 5 வருஷம் வரைக்கும் ஜெயில். இதுல அரசியல் வேலைன்னா கட்சி வேலை மட்டும் இல்ல, அரசியல் தன்மை உள்ள விவகாரத்துக்கு கூட்டம் போடறது, ஊர்வலம் போறது, நிதி திரட்டறது எல்லாம் அந்த விளக்கத்துல வருது, ரொம்ப அகலமா எழுதி வச்சிருக்காங்க. அதனால என்ன பண்ணணும்னா, வழிபாட்டு இடத்துல நோய், மருந்து, முதலுதவி பத்தி தாராளமா பேசலாம், அது சுகாதார விழிப்புணர்வு. மனு தயாரிக்கற கூட்டம், எம்.எல்.ஏ. வர்ற கூட்டம் இதையெல்லாம் சமுதாயக் கூடம், கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஹால் மாதிரி பொது இடத்துல வைங்க. காணிக்கைப் பணம், உண்டியல் பணம், சந்தா பணம் எதையும் இதுக்கு தொடாதீங்க, மனுவுக்கு ஜெராக்ஸ் எடுக்கக்கூட தனியா பத்து பேர்கிட்ட வாங்கி எழுதி வைங்க.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3), மதத்தைச் சொல்லி ஓட்டு கேக்கறது ஊழல் நடவடிக்கை. "இந்த மனுவுக்கு ஆதரவு குடுத்தா எங்க ஜனங்க ஓட்டு உங்களுக்கு"ன்னு யாராவது பேச ஆரம்பிச்சா அந்த நிமிஷமே நிறுத்துங்க, பெரியவங்களா இருந்தாலும் பரவால்ல. வெளிநாட்டுப் பணம் வாங்கற டிரஸ்ட்டு இருந்தா அந்த டிரஸ்ட்டு பேர்ல மனு போடறதுக்கு முன்னாடி ஆடிட்டரை கேளுங்க. எளிய வழி, ஊர் மக்களா கையெழுத்து போடுங்க, நிறுவனம் பேர் வேணாம்.

இன்னொரு எல்லை, இது சட்டத்தை விட மனசு சம்பந்தப்பட்டது. அரசியலமைப்பு 25வது பிரிவு நமக்கு மத உரிமை குடுக்கும்போதே "பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு"ன்னு தான் குடுக்குது. ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6ந்தேதி என்ன நடந்துச்சுன்னு மறக்கக்கூடாது. தர்கா பக்கத்துல மனநோயாளிகளை சங்கிலியில கட்டி வச்சிருந்த விடுதியில தீ பிடிச்சு 28 பேர் எழுந்து ஓட முடியாம எரிஞ்சு போனாங்க. நம்பிக்கையோட தேடி வந்தவங்க. நம்ம பக்கமும் பாம்பு கடிச்சா மந்திரிக்கற இடத்துக்கு தான் முதல்ல தூக்கிட்டு ஓடறாங்க, அந்த ஒரு மணி நேரத்துல உயிர் போயிடுது. அரசை கேக்கறதுக்கு முன்னாடி மந்திரிக்கறவரை போய் பாருங்க, கையெடுத்து கும்பிட்டு கேளுங்க, "ஐயா, நீங்க விபூதி வைங்க, ஓதி விடுங்க, ஆனா வண்டியில ஏத்தும்போதே வைங்க"ன்னு. பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அவர் கையெழுத்து உங்க மனுவுல முதல் கையெழுத்தா இருந்தா அதை விட பலம் எதுவும் இல்ல.

படி 4: ஆதாரம் சேருங்க

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பிரிவு 6(1)ல ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்கறவங்களுக்கு அதுவும் வேணாம். 30 நாள்ல பதில் வரணும். வரலன்னாலோ அரைகுறையா வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள்ள அதே ஆபீஸ் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள சென்னை தகவல் ஆணையம்.

கேள்வியை "ஏன் மருந்து இல்லை?"ன்னு கேட்டா "ஏன்"ங்கறதுக்கு பதில் சொல்ல கடமை இல்லன்னு திருப்பி அனுப்புவாங்க. இப்படி கேளுங்க: கடந்த 3 வருஷத்துல மாசவாரியா எத்தனை குப்பி வந்துச்சு, எத்தனை செலவாச்சு, ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் இருப்பு எத்தனை. எத்தனை பாம்புக்கடி நோயாளி வந்தாங்க, அதுல எத்தனை பேரை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்க. ராத்திரி டூட்டி அட்டவணை நகல். அதோட பிரிவு 2(j)ல ஆவணத்தை நேர்ல பாக்கற உரிமையும் இருக்கு, அதையும் கேளுங்க. மருந்து இருப்புப் பதிவேட்டை நேர்ல பாக்கறது தனி அனுபவம். நீளமான நோட்டு, வரவு, செலவு, இருப்பு, காலாவதி தேதின்னு கட்டம் போட்டிருக்கும், ஒரு பக்கத்துல இருப்பு 2ன்னு இருக்கும், அடுத்த மூணு வாரத்துக்கு ஒரு வரியும் இருக்காது, அப்புறம் 20 குப்பி வரவு. அந்த காலி மூணு வாரம் தான் உங்க ஆதாரம். அந்த மாசத்துல ஊர்ல யாரை பாம்பு கடிச்சதுன்னு உங்களுக்கு தெரியும், ஆபீஸுக்கு தெரியாது.

இங்க ஒரு எச்சரிக்கை. ஜெப விண்ணப்பத்துல பேர் சொல்லி, நோய் சொல்லி, வீட்டு அடையாளம் சொல்லி எழுதற பழக்கம் நமக்கு இருக்கு, அன்புல தான் செய்யறோம். மனுவுல அதை செய்யவே கூடாது. 1986ல இந்தியாவுல முதல்ல எச்.ஐ.வி. கண்டுபிடிச்சப்போ சென்னையில எடுத்த ரத்தத்தை பரிசோதனை பண்ணது நம்ம வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியில தான், அதுக்கப்புறம் எத்தனை குடும்பம் பேர் வெளிய வந்ததால ஊரை விட்டே போச்சுன்னு இந்த ஊருக்கு தெரியும். 2017 எச்.ஐ.வி. சட்டம் சம்மதம் இல்லாம ஒருத்தர் நிலையை வெளிய சொல்றதை தடை பண்ணியிருக்கு. எந்த நோயா இருந்தாலும் சரி, "ஒரு 40 வயது பெண், விவசாயக் கூலி, இந்த மாதம்"னு எழுதினா போதும். பேர் போட்டே ஆகணும்னா அவங்களோ குடும்பமோ எழுத்துல சம்மதம் குடுக்கணும்.

படி 5: யாரெல்லாம் கூட வரணும்

உங்க சபை ஆளுங்க மட்டும் போனா அது சபை மனு. ஊர் போனா ஊர் மனு. இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்ல வர்றதே இது தான், உங்க வாசல்படி ஏறாதவங்களுக்காகவும் கேளுங்க, அப்போ தான் அரசு காது குடுக்கும், சாமிக்கும் அது தான் சம்மதம்னு நான் நினைக்கறேன். மலையில ஊர்க்கவுண்டர், கீழ கோயில் தர்மகர்த்தா, பள்ளிவாசல் முத்தவல்லி, ஃபாதர், மகளிர் குழு, சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கம், எல்லாரையும் ஒரு தடவையாவது நேர்ல போய் கூப்பிடுங்க, வாட்ஸ்அப்ல கூப்பிட்டா வரமாட்டாங்க.

அதே சமயம் யாருக்கு வலிக்கும்னும் பாத்துக்கோங்க. பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் புகையிலை ஒழிப்புன்னு மைக்ல பேசினா கேட்டுட்டு இருக்கற பெண்கள்ல நிறைய பேர் பீடி சுத்தி பிள்ளையை படிக்க வைக்கறவங்க. "பீடி வேணாம்னா சோத்துக்கு இன்னாங்க பண்றது, நீங்க வந்து குடுப்பீங்களா"ன்னு ஒரு அம்மா கேட்டா பதில் இருக்கணும். அவங்களும் நோயாளிங்க தான், புகையிலைத் தூள் மூச்சுல போகுது, நாள் முழுக்க குனிஞ்சு உக்காந்து முதுகு போயிடுது. 2017ல ஜி.எஸ்.டி. வந்தப்போ பீடித் தொழிலாளர் நல நிதிக்கு வந்துட்டிருந்த செஸ் வரியும் நின்னுபோச்சு. அதனால உங்க மனுவுல பள்ளிக்கூடத்துல இருந்து 100 கஜத்துக்குள்ள புகையிலை விக்கக்கூடாதுங்கற 2003 சட்டத்தை நடத்துங்கன்னு கேக்கற அதே தாள்ல, பீடி சுத்தற பெண்களுக்கு மருத்துவ முகாமும் மாற்றுத் தொழில் பயிற்சியும் கேளுங்க. ஒரு பிரச்சனை ஒரு மனுன்னு முன்னாடி சொன்னேன், இது மட்டும் விதிவிலக்கு, ரெண்டையும் பிரிச்சா ஒரு பாதி அநியாயமாயிடும்.

டாஸ்மாக் கடைக்கும் இதே மாதிரி அளந்து பேசுங்க. 2003 சில்லறை விற்பனை விதிப்படி மாநகராட்சி, நகராட்சி பகுதியில வழிபாட்டு இடத்துல இருந்தும் கல்வி நிலையத்துல இருந்தும் 50 மீட்டர், மத்த இடத்துல 100 மீட்டர் தள்ளி இருக்கணும். டேப் எடுத்து அளந்து, போட்டோ எடுத்து, வரைபடம் போட்டு குடுங்க. "மதுவை ஒழி"ன்னு கோஷம் போடறதை விட "இந்தக் கடை 62 மீட்டர்ல இருக்கு, விதி 100 மீட்டர்"ங்கற ஒரு வரி சீக்கிரம் வேலை செய்யும்.

படி 6: மனு எழுதறது

ஒரு பக்கம், மிஞ்சிப்போனா ஒன்றரை. வேத வசனம், ஹதீஸ், தேவாரம் எதுவும் வேணாம், அது நம்ம மனசுக்கு. மனுவுல மட்டும் ஆபீஸ் தமிழ்ல எழுதுங்க, அவங்க ஃபைல்ல அப்படியே எடுத்து எழுத வசதியா இருக்கும். மாதிரிக்கு:

"பொருள்: அணைக்கட்டு ஒன்றியம் – மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையம் – பாம்புக்கடி விஷமுறிவு மருந்து எந்நேரமும் குறைந்தது 20 குப்பிகள் இருப்பில் வைக்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

எங்கள் பகுதியில் உள்ள மேற்படி நிலையத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட இருப்புப் பதிவேட்டின்படி (நகல் இணைப்பு 1), கடந்த ஆண்டு மூன்று வாரங்கள் ஒரு நோயாளிக்குக்கூடப் போதாத அளவே மருந்து இருந்துள்ளது. பாம்புக்கடி, தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் 1939-ன் கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட நோயாகும். எனவே, இருப்பு 20 குப்பிகளுக்குக் கீழ் குறையும்போதே மறுகோரிக்கை அனுப்பவும், இருப்பு விவரத்தை நிலைய வாசலில் எழுதி வைக்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

பாருங்க, என்ன நடக்குது, எதை வச்சு சொல்றோம், எந்த சட்டம், என்ன உத்தரவு வேணும், நாலும் வந்துடுச்சு. 20ங்கறது ரெண்டு நோயாளி ஒரே ராத்திரி வந்தா முதல் தவணைக்கு தேவைப்படற கணக்கு, யாராவது கேட்டா சொல்லத் தெரிஞ்சிருக்கணும். கையெழுத்தோட ஊர், போன் நம்பர் இருக்கட்டும், கைநாட்டு வைக்கறவங்க கைநாட்டு வைக்கட்டும், அதுக்கு சாட்சி கையெழுத்து போடுங்க.

படி 7: எங்க, எப்போ குடுக்கறது

முதல்ல கீழ இருந்து போங்க. மெடிக்கல் ஆபீசர், அப்புறம் மாவட்ட சுகாதார அலுவலர். நிறைய விஷயம் அங்கேயே முடிஞ்சிடும், நேரா மந்திரிகிட்ட போனா கீழ இருக்கறவங்க மனசு புண்படும், அவங்க தான் நாளைக்கு மருந்து குடுக்கப் போறவங்க.

திங்கக்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள். கூட்டமா போகாம அஞ்சு பேர் போங்க, பாதிக்கப்பட்ட குடும்பத்துல ஒருத்தர் கட்டாயம் இருக்கணும், பேசறதும் அவங்க தான் பேசணும். ஐயரோ ஹஸ்ரத்தோ பக்கத்துல நின்னா போதும். மனு எண் போட்ட ரசீது வாங்காம வெளிய வராதீங்க, அந்த துண்டுச் சீட்டு தான் அடுத்த ஆறு மாசத்துக்கு உங்க ஆயுதம்.

கிராமசபை வருஷத்துல ஆறு தடவை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்கூட்டியே ஊராட்சித் தலைவர்கிட்டயும் செயலர்கிட்டயும் எழுதிக் குடுத்து பொருள் நிரல்ல சேர்க்கச் சொல்லுங்க, கோரம் (கூட்டம் செல்லுபடியாக தேவையான ஆள் எண்ணிக்கை) இருக்கற மாதிரி ஆட்களை கூட்டிட்டு போங்க, தீர்மானப் புத்தகத்துல எழுதினப்புறம் வாசிக்கச் சொல்லி கேளுங்க, எழுதினது சொன்னது தானான்னு பாத்துட்டு நகல் கேட்டு வாங்குங்க. தீர்மானம் போட்டதாலேயே எதுவும் தானா நடந்துடாது, ஆனா அதுக்கப்புறம் நீங்க எழுதற எல்லா மனுவுக்கும் முதுகெலும்பு அது தான்.

சட்டசபை மனுக்கள் குழுன்னு ஒண்ணு இருக்கறது பல பேருக்கு தெரியாது. எம்.எல்.ஏ.க்கள் அடங்கின குழு, மாவட்டம் மாவட்டமா வருவாங்க, வர்றதுக்கு முன்னாடி பேப்பர்ல விளம்பரம் வரும், மனு கேப்பாங்க. பொதுப் பிரச்சனையா இருக்கணும், ஒரே பிரச்சனை, ஒரே துறை, தமிழ்ல இருக்கணும். தனிநபர் குறை, கோர்ட்ல இருக்கற கேஸ், வேலை, பட்டா, லோன் இதெல்லாம் எடுத்துக்க மாட்டாங்க. எடுத்துக்கிட்டா துறை அதிகாரிங்க குழு முன்னாடி பதில் சொல்லியாகணும், சில சமயம் இடத்தையே வந்து பாப்பாங்க. மத அமைப்புகள் கிட்ட இருக்கற மாதிரி பொதுக் கோரிக்கைக்கு இதை விட பொருத்தமான கதவு எனக்கு தெரிஞ்சு இல்ல.

காலம் ரொம்ப முக்கியம். பிப்ரவரி, மார்ச் வாக்குல பட்ஜெட், அதுக்கப்புறம் துறை துறையா மானியக் கோரிக்கை விவாதம் (அந்தந்த துறைக்கு பணம் ஒதுக்கற விவாதம்), சுகாதாரத் துறைக்கு கோரிக்கை எண் 19. அன்னிக்கு தான் கொள்கை விளக்கக் குறிப்பு வரும், மந்திரி புது அறிவிப்பு எல்லாம் படிப்பாரு. அன்னிக்கு உங்க மனு போய் சேர்ந்தா பிரயோஜனம் இல்ல, அறிவிப்பு எல்லாம் முன்னாடியே ரெடி. வருஷக் கடைசியிலயே துறைக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் போயிருக்கணும். தேர்தல் நடத்தை விதி அமல்ல இருக்கும்போது எந்த புது அறிவிப்பும் வராது, திங்கக்கிழமை மனு நாளும் நின்னுடும், அந்த நேரத்தை ஆதாரம் சேக்க வச்சுக்கோங்க.

படி 8: எம்.எல்.ஏ.வை பாக்கறது

காலையில வீட்ல பாக்கறது தான் நல்லது. கட்சி எதுவா இருந்தாலும் பாருங்க, நம்ம மாவட்டத்துல வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம்னு அஞ்சு தொகுதி, பாம்புக்கடி மாதிரி விஷயத்துக்கு அஞ்சு பேரையும் பாக்கலாம். சால்வை, மாலை, போட்டோ எல்லாம் கடைசியில, முதல்ல விஷயம். மொட்டையா "உதவி பண்ணுங்க சார்"னு கேக்காதீங்க, அவரால செய்யக்கூடிய ஒரு காரியத்தை கேளுங்க. சட்டசபையில ஒரு கேள்வி போடச் சொல்லுங்க, கேள்வியை நீங்களே எழுதிட்டு போங்க. இல்ல கவன ஈர்ப்பு, அதாவது அவசரப் பிரச்சனையை சபையில எழுப்பி மந்திரியை பதில் சொல்ல வைக்கறது. இல்ல மானியக் கோரிக்கை விவாதத்துல பேசும்போது ஒரு வரி. அவர் உதவியாளர் நம்பரை வாங்கிக்கோங்க, உண்மையில ஃபைலை நகர்த்தறது அவர் தான்.

அவர் பேசினாருன்னா, அடுத்த வாரமே நன்றிக் கடிதம் அனுப்புங்க. அதை ஆராதனையில அறிவிச்சு கைதட்டு வாங்கித் தராதீங்க, படி 3 ஞாபகம் இருக்கட்டும்.

படி 9: கோர்ட்டு

கடைசி வழியா மட்டும் வைங்க. தோல் தொழிற்சாலை கழிவு பாலாத்துல கலக்கறதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல உச்ச நீதிமன்றம் போச்சு, 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு, மாசுபடுத்தறவன் தான் நஷ்டம் குடுக்கணும்ங்கற கொள்கையை இந்திய சட்டத்துக்கு உறுதியா கொண்டு வந்த தீர்ப்பு அது, இன்னிக்கும் சட்டக் கல்லூரியில படிக்கறாங்க. ஆனா 2025 ஜனவரி 30ல அதே பாலாறு, அதே கழிவுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு சொல்லி, கண்காணிக்க குழு போட வேண்டியிருந்துச்சு. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு அந்தத் தண்ணிய குடிச்ச தலைமுறைக்கு கிட்டத்தட்ட 30 வருஷம் போயிடுச்சு. தீர்ப்பை தரையில நடத்த ஊர்ல தினமும் கண்ணு வைக்கற ஆள் வேணும், அது வக்கீல் வேலை இல்ல.

படி 10: உத்தரவு வந்தப்புறம்

உத்தரவு நகலை வாங்கி நாலு இடத்துல வைங்க. மெடிக்கல் ஆபீசர் மாறுவாரு, கலெக்டர் மாறுவாரு, புதுசா வர்றவருக்கு இப்படி ஒரு உத்தரவு இருக்கறதே தெரியாது, வந்த முதல் மாசமே போய் ஒரு நகல் குடுத்து அறிமுகமாகிடுங்க. ஆபீஸ்ல ஆள் மாறினாலும் உங்க குழுவுல ஆள் மாறாம இருக்கணும், அதனால சின்னப் பசங்க ரெண்டு பேரை, முடிஞ்சா நர்சிங் படிக்கற பொண்ணுங்களை, இப்பவே சேத்துக்கோங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை நிலையத்துக்கு போய் வாசல் போர்டுல எழுதின இருப்பையும் பதிவேட்டையும் ஒத்துப் பாருங்க, மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கட்டாயம். சண்டைக்கு போற மாதிரி போகாதீங்க, ராத்திரி டூட்டி நர்ஸம்மாவுக்கு டீ வாங்கிட்டு போங்க, அவங்களுக்கு குவார்ட்டர்ஸ் இருக்கா, தண்ணி வருதா, தனியா இருக்க பயமா இருக்கான்னு கேளுங்க. அவங்க சொல்றதை எழுதிக்கோங்க, உங்க அடுத்த மனு அங்க இருந்து தான் ஆரம்பிக்கும்.